டைல் சித்திரங்களும் புள்ளிக் கோலமும்: மேடை விளையாட்டுகளுக்குத் தளம் வரையும் கலையின் வரலாறு

கணினித் திரையில் ஒரு சிறு உருவம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. பள்ளம் வந்தால் தாண்டுகிறது, மேடு வந்தால் ஏறுகிறது, தலைக்கு மேலே உள்ள செங்கல்லை முட்டி உடைக்கிறது. இவ்வகை விளையாட்டுகளுக்குப் 'பிளாட்பார்மர்' என்று பெயர். தமிழில் மேடை விளையாட்டு எனலாம். 'மரியோ' என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

இந்த விளையாட்டில் ஓடுகிற உருவத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அது ஓடுகிற தரையை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தரை, செங்கல், புல், மேகம், நீர் ஆகியவை ஒரே பெரிய ஓவியமாக வரையப்பட்டவை அல்ல. சிறு சிறு சதுரங்களாக வரைந்து, வீட்டுத் தரையில் டைல்ஸ் பதிப்பதுபோல் அடுக்கப்பட்டவை. ஒவ்வொரு சதுரமும் ஒரு டைல். ஒரு விளையாட்டுக் கட்டத்தை (இதை 'லெவல்' என்பார்கள்) அமைக்கத் தேவையான எல்லாச் சதுரங்களையும் ஒரே தாளில் வரிசையாக வரைந்து வைத்தால் அது 'டைல்செட்'. இக்கட்டுரை அந்த டைல்செட் வரைதலின் வரலாற்றைச் சொல்கிறது. அதற்கும் நம் வாசல் கோலத்துக்கும் உள்ள கணக்கு உறவையும், அந்த உறவைப் பற்றித் தவறாகப் பரவும் செய்திகளையும் சேர்த்துச் சொல்கிறது.

சதுரம் ஏன் வந்தது?

டைல் என்பது அழகுக்காக வந்ததல்ல, பற்றாக்குறையால் வந்தது. 1970களின் இறுதியில் கணினி நினைவகம் மிகவும் விலை உயர்ந்த பொருள். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே நிறத்தை நினைவில் வைத்திருக்க விளையாட்டு இயந்திரங்களால் முடியவில்லை. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1979இல் வெளியிட்ட 'கேலக்ஸியன்' இயந்திரம், சிறு சதுரங்களை அடுக்கித் திரையை நிரப்பும் முறையைப் பரவலாக்கியது. 1981இல் நின்டெண்டோவின் 'டாங்கி காங்' வந்தது. இரும்புச் சட்டங்களும் ஏணிகளும் கொண்ட அந்த மேடைகள் இவ்வாறு சதுரங்களால் ஆனவையே.

1983இல் ஜப்பானில் 'ஃபேமிகாம்' என்ற வீட்டு விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. 1990களில் தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் 'டி.வி. கேம்' என்று விற்ற கருவிகள் பெரும்பாலும் இதன் நகல்களே. மஞ்சள் நிறக் கேசட்டில் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே பார்த்தால் பத்துப் பதினைந்து விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். என் வகுப்புப் பையன்கள் கோடை விடுமுறையில் அதில் எத்தனை மணி நேரம் செலவிட்டார்கள் என்பது ஜூன் மாத விடைத்தாளில் தெரியும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபேமிகாம் திரையின் அகலம் 256 புள்ளி, உயரம் 240 புள்ளி. மொத்தம் 61,440 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நான்கு நிறங்களில் ஒன்று என்றால் 2 பிட் தேவை. அப்படியானால் ஒரு திரைக்கு 15,360 பைட் வேண்டும். ஆனால் அந்தக் கருவியில் படத்தளத்துக்கென இருந்த நினைவகம் 2,048 பைட் மட்டுமே.

எனவே திரையை 8க்கு 8 புள்ளி கொண்ட சதுரங்களாகப் பிரித்தார்கள். குறுக்கே 32, நெடுக்கே 30, ஆக 960 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் எந்த டைல் வரவேண்டும் என்பதற்கு ஓர் எண் போதும். அது 1 பைட். நிறத் தொகுதியைக் குறிக்க இன்னும் 64 பைட். மொத்தம் 1,024 பைட்டில் ஒரு திரை முடிந்துவிட்டது. டைல்களின் வடிவங்கள் மட்டும் கேசட்டில் தனியே இருக்கும். ஒரு டைலுக்கு 16 பைட். 256 டைலுக்கு 4,096 பைட்.

15,360 எங்கே, 1,024 எங்கே! இந்தச் சிக்கனம்தான் ஒரு கலையைப் பிறப்பித்தது.

1985 செப்டம்பரில் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' முழு விளையாட்டும் 40 கிலோபைட். அதில் 32 கிலோபைட் நிரலுக்கு, 8 கிலோபைட் படங்களுக்கு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப்போல் பல மடங்கு இருக்கும். அந்த 8 கிலோபைட்டில் 512 டைல்கள்தான் அடங்கும். மரியோ, ஆமை, காளான், எழுத்துகள் எல்லாமே அதற்குள். ஆகவே வரைந்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். ஆண்டுக்கணக்கில் ஆடியவர்களில் பலரும் இதைக் கவனித்ததில்லை. வேண்டுமானால் ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

இவ்விளையாட்டை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் கட்டங்களை முதலில் கிராப் தாளில் பென்சிலால் வரைந்தார்கள். அதை நிரலாளர்கள் எண்களாக மாற்றினார்கள். அப்போதும் ஒவ்வொரு சதுரத்தையும் எழுதி வைக்கவில்லை. 'இந்த இடத்தில் இவ்வளவு உயரக் குழாய்', 'இங்கிருந்து இத்தனை செங்கல் வரிசை' என்று கட்டளைகளாகவே எழுதினார்கள். ஒரு கட்டளைக்கு 2 பைட். படத்தைச் சேமிப்பதற்குப் பதிலாகப் படம் வரையும் விதியைச் சேமிப்பது என்ற இந்தக் கருத்தை மாணவர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். தாம்பரத்துக்கு வரும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

அடுக்குவது வேறு, வரைவது வேறு

விளையாடுபவரே கட்டம் அமைக்கலாம் என்ற வசதியைப் பரவலாக்கியது 1983இல் பிராடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட 'லோட் ரன்னர்'. அமெரிக்காவின் டக்ளஸ் ஸ்மித் உருவாக்கியது. 150 கட்டங்களுடன், கட்டம் அமைக்கும் கருவியும் அதே வட்டில் வந்தது. செங்கல், ஏணி, தொங்கு கம்பி என்று சில சதுரங்களே உண்டு. அவற்றை நம் விருப்பப்படி அடுக்கலாம். ஆனால் செங்கல்லின் உருவத்தை மாற்ற முடியாது. கொத்தனார் வேலை தருவார்கள், சூளை வேலை தரமாட்டார்கள்.

1990 செப்டம்பரில் அமெரிக்காவில் ஜான் கார்மக்கும் டாம் ஹாலும் ஒரே இரவில் ஒரு காரியம் செய்தார்கள். மரியோ 3இன் முதல் கட்டத்தைச் சாதாரண அலுவலகக் கணினியில் அப்படியே ஓட வைத்தார்கள். ஒழுகலாக நகரும் பின்னணி அதுவரை அத்தகைய கணினியில் அரிது. நின்டெண்டோ அதை ஏற்கவில்லை. எனவே அவர்கள் சொந்தச் சித்திரங்களோடு 'கமாண்டர் கீன்' என்ற விளையாட்டை அதே ஆண்டு டிசம்பரில் வெளியிட்டார்கள். சித்திரங்களை வரைந்தவர் ஏட்ரியன் கார்மக்; கட்டங்களை அடுக்க ஜான் ரொமேரோ எழுதிய டைல் கருவி பயன்பட்டது. பிறர் சித்திரத்தை நகலெடுத்தது ஒரு செய்முறை விளக்கமாக நின்றுபோனது. சொந்தமாக வரைந்தது ஒரு நிறுவனமாக வளர்ந்தது.

விளையாடுபவர் தாமே டைல் வரையலாம் என்ற கதவு நன்றாகத் திறந்தது 1998இல். எபிக் மெகாகேம்ஸின் 'ஜாஸ் ஜாக்ராபிட் 2' என்ற பச்சை முயல் விளையாட்டுடன் 'ஜாஸ் கிரியேஷன் ஸ்டேஷன்' என்ற கருவி சேர்ந்து வந்தது. இதில் டைல் 32க்கு 32 புள்ளி. 256 நிறங்கள். ஒரு வரிசைக்குப் பத்து டைல் வீதம் 320 புள்ளி அகலத் தாளில் வரைய வேண்டும். கூடவே அதே அளவில் இன்னொரு படமும் தரவேண்டும். அதற்கு 'மாஸ்க்' என்று பெயர். முதல் படம் கண்ணுக்கு, இரண்டாவது படம் காலுக்கு. மாஸ்கில் நிறம் பூசிய இடமெல்லாம் கெட்டி, பூசாத இடமெல்லாம் காற்று.

இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். உண்மையில் டைல் ஓவியத்தின் உயிர்நாடி இதுதான். வயல் என்று வைத்துக்கொள்வோம். வரப்பு கெட்டி, அதன்மேல் முயல் நிற்க வேண்டும். நாற்றுப் பயிர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் முயல் அதில் முட்டிக்கொள்ளக் கூடாது, ஊடே ஓட வேண்டும். கூரை வீட்டுக் கூரையின் அடியிலிருந்து துள்ளி ஏறலாம், மேலிருந்து விழக் கூடாது. தோற்றமும் தொடுகையும் வேறு வேறு என்பதை அறியாமல் வரைந்தவர்களின் கட்டங்களில் ஓடுகிற உருவம் அந்தரத்தில் நிற்கும், அல்லது புல் தடுக்கி நின்றுவிடும். உலகெங்கும் இரசிகர்கள் இந்த விளையாட்டுக்காகப் பாலைவனம், நூலகம், தொழிற்சாலை என்று ஏராளமான டைல்செட்களை வரைந்து இலவசமாகப் பகிர்ந்தார்கள். பெரும்பாலோர் பள்ளி, கல்லூரி மாணவர்கள்.

பின்னர் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000இல் 'சூப்பர் மரியோ வேர்ல்டு' கட்டங்களை மாற்ற 'லூனார் மேஜிக்' என்ற இரசிகர் கருவி வந்தது. 2000களின் நடுவிலிருந்து நெதர்லாந்தின் தோர்ப்யோர்ன் லிண்டெய்யர் உருவாக்கிய 'டைல்டு' என்ற கட்டற்ற மென்பொருள் எந்த விளையாட்டுக்கும் பொதுவான கட்டக் கருவியாயிற்று. 2009இல் தொடங்கிய 'ஓப்பன் கேம் ஆர்ட்' தளத்தில் உரிமத்துடன் பகிரப்பட்ட டைல்கள் சேர்ந்தன. 2015இல் நின்டெண்டோவே 'சூப்பர் மரியோ மேக்கர்' வெளியிட்டது. அதில் கட்டத்தை அடுக்கலாம். டைலை வரைய முடியாது. 1998இல் கிடைத்த சூளை வேலையைப் பிடுங்கிக்கொண்டு, 1983இன் கொத்தனார் வேலையை மெருகேற்றித் திருப்பித் தந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

பதினாறு டைல் கணக்கு

ஒரு கட்டத்தில் மண் வரையவேண்டும் என்றால் எத்தனை மண் டைல் தேவை? ஒன்று போதாது. மேலே காற்று இருந்தால் விளிம்பில் புல் வேண்டும். வலப்பக்கம் காற்று இருந்தால் செங்குத்துக் கரை வேண்டும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. நான்கு பக்கங்களுக்கும் எண் கொடுங்கள்: மேல் 1, வலம் 2, கீழ் 4, இடம் 8. எந்தப் பக்கத்தில் அண்டையாக மண் இருக்கிறதோ அந்த எண்ணைக் கூட்டுங்கள். விடை 0 முதல் 15 வரை வரும். ஆக 16 டைல்கள்.

விடை 15 என்றால் நான்கு பக்கமும் மண்; இது அடிமண். 14 என்றால் மேலே மட்டும் காற்று. இதில்தான் புல் முளைக்கும். 12 என்றால் கீழும் இடமும் மண். மேலும் வலமும் காற்று. ஆகவே இது வலது மேல் மூலை. 0 என்றால் அந்தரத்தில் தனியே மிதக்கும் கட்டி. இந்த எண்ணைக் கணினியே கணக்கிட்டு உரிய டைலைத் தானே வைத்துவிடும். மூலைவிட்ட அண்டைகளையும் சேர்த்தால் 256 வகை வரும். அவற்றில் ஒன்றுபோல் தோன்றுவனவற்றை நீக்கினால் 47 மிஞ்சும். தொழில்முறை ஓவியர்கள் 47 வரைவார்கள். தொடங்குபவருக்கு 16 போதும்.

இப்போது வாசலுக்கு வாருங்கள்.

சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். நெளிக் கோலம், கம்பிக் கோலம் என்றும் சொல்வார்கள். புள்ளிகளை வைத்து, எந்தப் புள்ளியையும் தொடாமல் இழையை வளைத்து வளைத்துச் சுற்றி வருவது. நேர்ப்புள்ளி வைத்த கோலத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சதுரத்தின் நடுவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சதுரத்துக்கு நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: இழைகள் குறுக்கே வெட்டிக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போகும், அல்லது அங்கே போகாமல் வளைந்து திரும்பும். திறந்த பக்கம், மூடிய பக்கம். நான்கு பக்கம், இரண்டு நிலை: பதினாறு!

நான்கும் மூடியிருந்தால் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். ஒன்று திறந்தால் நீர்த்துளி வடிவம். அதைத் திருப்பித் திருப்பி வைத்தால் நான்கு. அடுத்தடுத்த இரண்டு பக்கம் திறந்தால் நான்கு. எதிரெதிர் இரண்டு பக்கம் திறந்தால் இரண்டு. மூன்று பக்கம் திறந்தால் நான்கு. நான்கும் திறந்தால் ஒன்று. கூட்டினால் 1+4+4+2+4+1, பதினாறு சரியாக வருகிறது. வடிவமாகப் பார்த்தால் ஆறே ஆறு. ஆறு வடிவத்தைக் கை பழகிக்கொண்டால் எந்த நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலத்தையும் போட்டுவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: என் வலப்பக்கம் திறந்திருந்தால் என் வலது அண்டையின் இடப்பக்கமும் திறந்திருக்க வேண்டும். விளையாட்டு ஓவியர் 'விளிம்பு பொருந்த வேண்டும்' என்பது இதையேதான். இடைப்புள்ளிக் கோலம் இந்தச் சதுரக் கணக்கில் அடங்காது. அங்கே அறுகோணம் வந்துவிடும்.

வகுப்பில் செய்து பார்க்க ஒன்று. எல்லா உட்பக்கங்களையும் திறந்துவிட்டுச் செவ்வகமாகக் கோலம் போட்டால் எத்தனை தனித்தனி இழைகள் வரும்? வரிசை எண்ணிக்கைக்கும் நிரல் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை. 3க்கு 4 என்றால் ஒரே இழை. 4க்கு 4 என்றால் நான்கு இழை. 4க்கு 6 என்றால் இரண்டு. ஆறாம் வகுப்பில் மீ.பொ.கா. நடத்தும்போது இதைக் கரும்பலகையில் போட்டிருக்கலாமே என்று ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தோன்றியது. முப்பது ஆண்டுகளாகத் தினமும் காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டுத்தான் அந்தப் பாடத்தை நடத்தப் போனேன்.

தாம்பரத்தில் நடந்தது

கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுவந்தவர்கள் தமிழ்நாட்டினரே. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும், பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த கமலா கிருத்திவாசனும் 1970களின் தொடக்கத்தில் 'பட மொழிகள்' பற்றி ஆராய்ந்தார்கள். சொற்களுக்கு இலக்கணம் இருப்பதுபோல் படங்களுக்கும் இலக்கணம் எழுத முடியுமா என்பது கேள்வி. 1974இல் 'கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அண்ட் இமேஜ் புராசஸிங்' என்ற பன்னாட்டு ஆய்விதழில் மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'கோலம்' என்ற சொல் இருக்கிறது.

அவர்கள் செய்தது என்ன? ஒரு கோலத்தைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு அலகுக்கும் ஒரு குறி. அந்தக் குறிகளை வரிசை, நிரலாக அடுக்கினால் ஓர் அணி. ஓர் அணியிலிருந்து அடுத்த பெரிய அணியை எப்படி உருவாக்குவது என்பதற்கு மாற்று விதிகள். அந்த விதிகளை ஒருமுறை செயல்படுத்தினால் சிறிய கோலம். மீண்டும் செயல்படுத்தினால் அதே இனத்தில் பெரிய கோலம். எந்தக் கோல இனத்துக்கு எளிய இலக்கணம் போதும், எதற்குச் சிக்கலான இலக்கணம் தேவை என்று வகைப்படுத்தினார்கள். மேலே மரியோவின் 2 பைட் கட்டளையைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கும். படத்தை அல்ல, படம் பிறக்கும் விதியைக் கையில் வைத்துக்கொள்வது இங்கும் நடக்கிறது. ஆண்டுகளைக் கவனியுங்கள்: 1974, 1985.

கிஃப்ட் சிரோமணி புள்ளியியலோடு கல்வெட்டு எழுத்துகளையும் ஆராய்ந்தவர். அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காண்பது பற்றி 1978இலேயே கட்டுரை எழுதியவர்களில் ஒருவர். 1988இல் மறைந்தார். இராணி சிரோமணி 2019 வரை வாழ்ந்தார். அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002இல் 'அமெரிக்கன் சயன்டிஸ்ட்' இதழில் கோலம் பற்றி எழுதியபோது இவர்களது பணியை உலக வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். 2007இல் ஜப்பானின் யனகிசவா, நகதா இருவரும் கோலத்தின் இழை வெட்டும் இடத்தை 1 என்றும் வெட்டாத இடத்தை 0 என்றும் எழுதிக் கணினியில் கோலங்களை எண்ணிப் பார்த்தார்கள். அதே ஆண்டு, சென்னைக் கிறித்தவக் கல்லூரி மரபில் வந்த இராபின்சன், டைல்களை விளிம்போடு விளிம்பு ஒட்டிக் கோலம் உருவாக்கும் முறையை வெளியிட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மார்கழி வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: 'கோலத்திலிருந்துதான் கணினி விளையாட்டு வந்தது, மேல்நாட்டான் திருடிக்கொண்டான்' என்று. அதற்குச் சான்று எதுவும் இல்லை. ஜப்பானியப் பொறியாளர்கள் டைலுக்கு வந்தது நினைவகப் பற்றாக்குறையால். மேலே கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஹாவ் வாங் என்ற அறிஞர் 1961இல் விளிம்பு பொருந்தும் டைல்களைப் பற்றி எழுதியது தருக்கவியல் கேள்வி ஒன்றிலிருந்து. நம் பெண்கள் புள்ளிக் கோலத்துக்கு வந்தது பச்சரிசி மாவு, விரல், வாசல் என்ற வழியில். மூன்று வழியும் ஒரே கணக்கில் வந்து நிற்கின்றன. இது தாய் மகள் உறவல்ல. ஒரே கிணற்றில் மூன்று தெருக்காரர் தண்ணீர் இறைப்பது. பொய்ப் பெருமை பேசுவதால் நேரும் கேடு என்னவென்றால், உண்மையில் 1974இல் தாம்பரத்தில் நடந்த பணி அந்தக் கூச்சலில் மறைந்துவிடுகிறது. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிய எவருக்கும் சிரோமணி என்ற பெயர் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் மரியோ விளையாட்டில் வரைந்தவர் பெயர் எங்கும் திரையில் வராது. வாசல் கோலத்திலும் பெயர் கிடையாது. விளையாட்டுத் துறையினர் பின்னாளில் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இதே கட்டத்தாள் வேலை நம் மாவட்டத்தில் வேறொரு தொழிலிலும் நடக்கிறது. கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுபவர் கிராப் தாளில் சதுரம் சதுரமாக நிறம் நிரப்புவார். ஒரு சதுரம் என்பது பாவும் ஊடும் சந்திக்கும் ஓர் இடம். அதைப் பார்த்து அட்டையில் துளையிட்டு ஜக்கார்டில் கோப்பார்கள். மாங்காய் புட்டா வளைவு சதுரங்களில் படிப்படியாகத் தெரியாமல் இருக்க எந்தச் சதுரத்தை விட வேண்டும், எதை நிரப்ப வேண்டும் என்ற கவலை அவருக்கும் விளையாட்டு ஓவியருக்கும் பொது.

டெல்டாவை டைலாக்கினால்

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கியது. எங்கள் வீட்டுக்கு வந்த ஒன்று பழசாகிப் பேரன் கைக்குப் போனது. அதில் 'சூப்பர் டக்ஸ்' என்ற கட்டற்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். பென்குவின் ஒன்று பனிக்கட்டி மேல் ஓடும். டைல் 32க்கு 32. கட்டம் அமைக்கும் கருவியும் உள்ளேயே உண்டு. சில நாள் ஆடிவிட்டு அவன் கேட்டான்: "பாட்டி, இது எல்லாமே பனியாவே இருக்கே. நம்ம ஊரு மாதிரி ஒண்ணும் இல்லையா?"

முதலில் அவன் மரியோவின் செங்கல்லை எங்கிருந்தோ வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தான். அதை நீக்கச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஓவியமும் பாதுகாக்கப்பட்ட படைப்பு. வரைந்தவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. வீட்டில் ஆடிப் பார்ப்பதோடு நில்லாமல் வெளியே பகிரும்போது இது சிக்கலாகும். பிறகு கிராப் நோட்டில் 32க்கு 32 கட்டம் போட்டுச் சொந்தமாகத் தொடங்கினோம்.

உடனே ஒரு தடை. மேடை விளையாட்டுக்கு மேடு பள்ளம் வேண்டும். காவிரி டெல்டாவோ தட்டை. திருவையாற்றிலிருந்து நாகப்பட்டினம் வரை ஒரு குன்று கிடையாது. எதன்மேல் ஏறுவது? யோசித்தால் கிடைத்தது. ஆற்றங்கரை, மதகுச் சுவர், வைக்கோல் போர், குளத்துப் படிக்கட்டு, திண்ணை, ஓட்டு வீட்டுக் கூரை, பனைமரம், சாய்ந்த தென்னை, நெல் மூட்டை அடுக்கு, பத்தாயம். பள்ளத்துக்குப் பஞ்சமே இல்லை, வாய்க்கால்கள்தான் இருக்கின்றனவே. பெரிய கோயில் விமானத்தை ஏறும் மேடையாக வைக்கலாம் என்றான். 1010இல் குடமுழுக்குக் கண்ட பதின்மூன்று நிலை விமானம். படிப்படியாகக் குறுகும் அதன் வடிவம் டைலுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் தெய்வத் திருமேனிகள் மேல் பென்குவின் குதிப்பது சரியாகாது. தொலைவில் தெரியும் பின்னணியாக வைத்தோம். மாஸ்க் இல்லை, தொட முடியாது.

ஃபேமிகாமின் மூன்று நிற விதியை நாங்களே வைத்துக்கொண்டோம். வண்டல் பழுப்பு, இலைப் பச்சை, ஒரு வெளிறிய நிறம். இங்கேதான் மேகமும் புதரும் ஒன்றான அந்தப் பழைய தந்திரம் கைகொடுத்தது. ஒரே வயல் டைல். இளம்பச்சை பூசினால் குறுவை நாற்று. கரும்பச்சை என்றால் கதிர் விடும் முன் சம்பா. பொன்னிறம் என்றால் தை அறுப்பு. பழுப்பில் பச்சைத் தூவல் என்றால் அறுத்த வயலில் விதைத்த உளுந்து. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் கட்டம் ஒன்றும், தண்ணீர் வராமல் வெடித்துக் கிடக்கும் கட்டம் ஒன்றும் வேண்டும் என்றான் பேரன். இரண்டாவதற்கு வெடிப்புக் கோடுகள் டைலுக்கு டைல் தொடர வேண்டும். பதினாறு கணக்குதான்.

விளிம்பு பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 'கிம்ப்' போன்ற மென்பொருளில் படத்தை அரை அளவு, அதாவது 16 புள்ளி, பக்கவாட்டிலும் கீழாகவும் நகர்த்துங்கள். வெளியே போன பாதி மறுபுறம் வந்து சேரும். ஓரத்தில் இருந்த தையல் இப்போது நட்டநடுவில் தெரியும். அங்கே திருத்திவிட்டு மறுபடி நகர்த்துங்கள். புல் டைலில் ஒரே ஒரு பூவை வைத்தால் அது வரிசையாக அடுக்கும்போது பூக்கள் படை வகுத்து நிற்கும். தனித்துத் தெரியும் எதையும் பொது டைலில் வைக்காதீர்கள், தனி டைலாக வரையுங்கள்.

இப்போது தொகுதியில் 41 டைல்கள் இருக்கின்றன. எழுதும் வரை முடியாதது ஒன்று: பம்புசெட் குழாயிலிருந்து விழும் தண்ணீர். நான்கு படங்கள் மாறி மாறி வந்தால் நீர் விழுவதுபோல் தோன்ற வேண்டும். நான்காவது படத்திலிருந்து முதல் படத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு துள்ளல் தெரிகிறது. பேரன் ஐந்தாவது படம் போடலாம் என்கிறான். நான்கிலேயே முடியும் என்பது என் கட்சி.